பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

2024 செப்டம்பர் 7-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ஒருவரைச் சென்னை விமான நிலையத்திலேயே போலீசார் கைது செய்தார்கள். பல்லாவரம், திரிசூலம் மக்கள் தினமும் கடந்துபோகிற அதே விமான நிலையம்தான். கைதானவர் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர். சில நாட்களுக்கு முன் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதாகச் சொல்லி அவர் பேசிய பேச்சுதான் வழக்குக்குக் காரணம். ஒருவர் உடல் குறையோடு பிறப்பதற்குப் போன பிறவியில் செய்த பாவமே காரணம் என்ற கருத்தை அந்த மேடையில் அவர் அடித்துச் சொன்னார்.

அந்த அரங்கில் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் அங்கேயே எழுந்து, பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எப்படிப் பேசலாம் என்று கேட்டார். பேச்சாளர் அவர்மீது பாய்ந்தார். அந்த வாக்குவாதம் வீடியோவாக ஊர் முழுக்கச் சுற்றியது. கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி பள்ளிக்கே வந்து ஆசிரியரைப் பாராட்டினார். அந்தப் பேச்சாளரை வரவழைத்த இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவும் வழக்கில் சேர்க்கப்பட்டது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது.

அந்த ஆசிரியர் படித்தவர், பேசத் தெரிந்தவர், அரசு வேலையில் இருப்பவர். எதிர்த்துக் கேட்கும் வலு அவருக்கு இருந்தது. அந்த இடத்தில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையன் உட்கார்ந்திருந்தால்? தன்னைப் பற்றி ஏதோ தப்பாகப் பேசுகிறார்கள் என்பது அவனுக்கும் புரிந்திருக்கும். முகம் சுருங்கியிருக்கும். ஆனால் எழுந்து நின்று, வார்த்தைகளைக் கோத்து, இது தவறு என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அப்படியே திக்கித் திணறிச் சொன்னாலும் அதைக் காதுகொடுத்துக் கேட்க யார் காத்திருப்பார்கள்? உடல் குறையைச் சுட்டும் வசைச்சொற்களை இன்று பலர் கொஞ்சமாவது தயங்கித்தான் சொல்கிறார்கள். அறிவுசார் குறைபாட்டைச் சுட்டும் சொற்களுக்கு அந்தத் தயக்கமே இல்லை. திருப்பிக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். பழைய மிக்ஸி, பூச்செடி, கூண்டுக்கிளி, கழற்றிப்போட்ட செல்போன் என்று பரப்பி வைத்திருக்கும் அந்த நெரிசலில், மேலே இடித்துவிட்டுப் போகிறவனுக்குக் கிடைக்கும் முதல் சொல் ‘மெண்டலு’. பேரம் படியாமல் நகர்கிறவருக்கு ‘லூசு’. பம்மல் போகிற ஷேர் ஆட்டோவில் சில்லறை தர நேரமானால் ‘அரை லூசு’. கடற்கரை–தாம்பரம் ரயிலில் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் இவற்றால்தான். மறை கழண்டவன், நட்டு கழண்ட கேஸ், கேனை, மக்கு, மண்டு, தத்தி, ட்யூப் லைட் என்று இந்தப் பட்டியல் வகுப்பறை வரை நீள்கிறது. கடைசி நான்கும் வாத்தியார்கள் வாயிலேயே சரளமாக வருபவை.

“சும்மா ஜாலிக்குச் சொல்றதுதானே, அவங்களையா சொல்றோம்?” என்பதுதான் எப்போதும் கிடைக்கிற பதில். உண்மைதான், நண்பனைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நண்பனைத் தாழ்த்துவதற்கு ஒரு கீழ்ப்படி வேண்டும். அந்தப் படியில் யாரை நிற்கவைத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு, திட்டு வாங்கியவன் அந்தச் சாதியில்லை, அதனால் தப்பில்லை என்று இன்று யாரும் வாதாட முடியாது. இங்கும் கணக்கு அதேதான்.

சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சொல்லும் உண்டு. அது ஓர் ஊர்ப்பெயர். “கீழ்ப்பாக்கத்துல சேர்க்க வேண்டிய கேஸ்” என்றால் விளக்கமே தேவையில்லை. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தொடங்கிய மனநலக் காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அது அரசு மனநல மருத்துவமனை. எத்தனையோ பேர் சிகிச்சை பெற்றுக் குணமாகிப்போன ஓர் இடத்தின் பெயரை ஊரே வசையாக்கி வைத்திருக்கிறது. அதே கீழ்ப்பாக்கத்தில் 1950-களிலிருந்து அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகப் பாலவிஹார் என்ற பள்ளி நடந்துவருகிறது. அந்தக் கீழ்ப்பாக்கம் யார் பேச்சிலும் வருவதில்லை.

இந்த வசைகள் இரண்டு வேறு நிலைகளைப் போட்டுக் குழப்பவும் செய்கின்றன. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் எந்த வயதிலும் யாருக்கும் வரலாம். மருந்து உண்டு, சிகிச்சை உண்டு, பலருக்கு முற்றிலும் குணமாகும். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே இருப்பது. யோசிப்பதிலும் கற்பதிலும் வேகம் குறைவாக இருக்கும், அன்றாட வேலைகளைப் பழகிக்கொள்ள நேரமும் துணையும் தேவைப்படும். இது நோயில்லை, ஆகவே ‘குணமாவது’ என்ற பேச்சும் இல்லை. பயிற்சி உண்டு, முன்னேற்றம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்ற வரையறைக்குள் இந்தக் குறைபாடு வராது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் என்று பதிவானவர்கள் 1,00,847 பேர். மனநோய் உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் 32,964 பேர். சட்டமும் கணக்கும் பிரித்துப் பார்ப்பதைச் செய்தித்தாள் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘மனநலம் குன்றிய வாலிபர்’ என்று தலைப்புப் போட்டால் அது எவரைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. மனநோய் உள்ளவரைக் குழந்தை என்றும், அறிவுசார் குறைபாடுள்ளவரை ஆபத்தானவர் என்றும் ஊர் நினைத்துக்கொள்வது இந்தக் குழப்பத்திலிருந்துதான்.

அறிவுசார் குறைபாட்டுக்குக் காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றங்கள், பிரசவத்தின்போது குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, மூளைக்காய்ச்சல், கர்ப்பகாலத்தில் அயோடின் பற்றாக்குறை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் கூடும் மரபணுச் சிக்கல்கள். பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருந்தால், பிறந்த சில நாட்களில் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தே பாதிப்பைப் பெருமளவு தடுத்துவிடலாம். எத்தனையோ குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று கடைசிவரை தெரியவே தெரியாது. ஆனால் அக்கம்பக்கத்தில் காரணம் ஏற்கெனவே தயார். “கிரகணத்துல வெளிய போயிருப்பே”, “எந்த ஜென்மத்துப் பாவமோ”. வசை முதலில் விழுவது அம்மாமேல்தான். கல்யாணம், வளைகாப்பு என்று கூப்பிடுவது குறைகிறது, கூப்பிட்டாலும் பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அசோக் நகர் மேடையில் ஒலித்தது இந்தத் திண்ணைப் பேச்சின் மைக் வைத்த வடிவம்தான்.

வசைச்சொல்லைவிட ஆழமாகக் குத்துவது தமிழில் இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் வசை என்று எண்ணுவதே இல்லை. “அது பேசுமா?” “அது தானா சாப்பிடுமா?” “இது எப்பவுமே இப்படித்தானா?” பக்கத்தில் நிற்பது இருபத்தைந்து வயது ஆண். மீசை இருக்கிறது, சட்டை மடிப்புக் கலையாமல் போட்டிருக்கிறார், கையில் டிபன் பை. கேட்கிறவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார். அஃறிணையில் கேட்கிறார். கேட்கிறவர் கெட்டவர் இல்லை, பரிவோடுதான் விசாரிக்கிறார். அதனால்தான் அந்த ‘அது’ யார் காதிலும் உறுத்தாமல் போய்விடுகிறது.

‘அது’ இல்லையென்றால் ‘டா’. தமிழில் வயது ஏற ஏற அழைப்பும் ஏறும். பதினெட்டில் ‘தம்பி’, முப்பதில் ‘சார்’, நாற்பதில் ‘அண்ணே’. அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு மட்டும் இந்த ஏணி கிடையாது. நாற்பது வயதானாலும் “வாடா, உக்காருடா”. அவருடைய தம்பி வீட்டுக்குள் நுழைந்தால் அதே ஆள் “வாங்க தம்பி” என்கிறார். பெண்ணாக இருந்தால் ‘பாப்பா’. முடி நரைத்த பிறகும் பாப்பா. செல்லமாக அழைப்பதில் என்ன தப்பு என்று தோன்றலாம். வளர்ந்த பெண்ணைப் பாப்பா என்று அழைக்கும் வீட்டில், அவளுக்கு உடல் பற்றியோ, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது பற்றியோ யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பாப்பாவுக்கு எதற்கு அதெல்லாம் என்று விட்டுவிடுகிறார்கள். தவறு செய்கிறவனுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம்களில் இதை இன்னும் நெருக்கத்தில் பார்க்கலாம். அறிவுசார் குறைபாட்டின் அளவை ஐ.க்யூ. சோதனையோடு, வைன்லேண்ட் என்ற சமூக முதிர்ச்சி அளவுகோலாலும் கணிக்கிறார்கள். தானே பட்டன் போட்டுக்கொள்கிறாரா, தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவாரா, பணம் எண்ணத் தெரியுமா, பல் தேய்ப்பாரா என்று கேள்விகள் வரிசையாக வரும். வீட்டிலுள்ளவர் பதில் சொல்லவேண்டும் என்பது அந்த முறையின் அமைப்பு. லேசானது என்றால் 50 சதவீதம், நடுத்தரம் என்றால் 75, கடுமை என்றால் 90, மிகக் கடுமை என்றால் 100 என்று தாளில் ஓர் எண் விழுகிறது. அந்த எண்ணைப் பொறுத்துத்தான் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் பஸ் பாஸும். உதவி கிடைக்கவேண்டும் என்பதற்காக, பிள்ளையால் முடியாததை எல்லாம் அம்மா சத்தமாக அடுக்குகிறார். அந்த மகனோ மகளோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதில் அம்மாவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையில் சோதனை செய்பவர் ஒரே ஒரு கேள்வியை அந்த நபரிடமே நேராகக் கேட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்றைய வசைகள் பல, ஒரு காலத்தில் டாக்டர்கள் எழுதிய நோய்ப்பெயர்கள். இடியட், இம்பெசில், மோரான் மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவ வகைப்பாடுகள். மோரான் என்ற சொல்லை 1910-இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘கிரெட்டின்’ என்பதும் தைராய்டு குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு வைத்த பெயர்தான். நம் நாட்டிலும் 1912-ஆம் ஆண்டின் லூனசி சட்டம், லூனட்டிக் யார் என்பதற்கான வரையறையிலேயே இடியட் என்று எழுதியிருந்தது. அதை மாற்றிய மனநலச் சட்டம் 1987-இல் வந்து, நடைமுறைக்கு வர 1993 ஆனது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை நம்மூரில் இன்னும் ‘மங்கோலியன் பேபி’ என்கிறார்கள். 1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், அவர்களுடைய கண்ணமைப்பைப் பார்த்து மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. 1959-இல் பிரான்சின் ஜெரோம் லெஜூன், 21-ஆவது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதே காரணம் என்று காட்டினார். அதன்பிறகு மருத்துவ உலகம் பழைய பெயரைக் கைவிட்டது. மங்கோலிய நாடும் உலக சுகாதார நிறுவனத்திடம் ஆட்சேபித்தது. அறுபது ஆண்டு ஆகிவிட்டது. நம் பிரசவ வார்டுகளிலும் தெருக்களிலும் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

இந்தப் பெயர்கள் வெறும் பெயர்களாக நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அவளும் அவள் தாயும் மகளும் இம்பெசில்கள், மூன்று தலைமுறை போதும் என்பது நீதிபதி ஹோம்ஸ் எழுதிய காரணம். அந்தத் தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்களில் பல்லாயிரம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. நம் நாட்டுக் கதையும் உண்டு. 1994-இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் உள்ள அரசு இல்லத்திலிருந்து அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண்களைப் புனே சசூன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பராமரிப்பது சிரமம் என்று சமாதானம் சொன்னார்கள். பெண்ணுரிமை அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகே நிறுத்தினார்கள். மனிதரை ‘அது’ என்று பழகிய பிறகு, அவருடைய உடலில் கைவைக்க யாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

பெயரை மாற்றும் முயற்சிகள் உலகெங்கும் நடந்தன. பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, தன் பெயரே பள்ளிக்கூடத்து வசையானதைக் கண்டு 1994-இல் ஸ்கோப் என்று மாறியது. சென்னையில் 1985-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இன்று வித்யாசாகர். செகந்திராபாதில் 1984-இல் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காகத் தொடங்கிய தேசிய நிறுவனத்தின் பெயரிலிருந்தும் பழைய சொல் போய்விட்டது. அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியின் பெயரில் 2010-இல் ரோசா சட்டம் வந்து, மத்திய அரசுச் சட்டங்களிலிருந்து ‘ரிட்டார்டேஷன்’ என்ற சொல்லையே நீக்கியது. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே சொல்லை, 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி ஊனமுற்றோர் என்பதற்குப் பதிலாக மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கொண்டுவந்தார், 2010-இல் அதே பெயரில் தனித்துறையும் வந்தது. மாநகரப் பேருந்துகளின் இருக்கை எழுத்து முதல் அரசாணை வரை அது ஊன்றிவிட்டது. மனவளர்ச்சி குன்றியோர் என்பதும் அரசு ஆவணங்களில் மெல்ல ‘அறிவுசார் குறைபாடுடையோர்’ ஆகிவருகிறது.

இவை தேவையான மாற்றங்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. இளக்காரம் மாறாமல் பெயர் மட்டும் மாறினால், புதுப்பெயரிலும் இளக்காரம் போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் இப்போது “நீ என்ன ஸ்பெஷல் சைல்டா?” என்று சிரிக்கிறார்கள். ‘ஆட்டிசமா?’ என்பதும் கிண்டலாகிவிட்டது. ‘ஸ்பெஷல் சைல்ட்’ என்பதை மரியாதைக்காகத்தான் கொண்டுவந்தோம்.

தமிழ் சினிமா இதில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. 1977-இல் வந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தை ஊரே சப்பாணி என்றுதான் கூப்பிடும். அவனுடைய நடையையும் வெள்ளந்தித்தனத்தையும் சேர்த்துக் கேலி செய்யும் பெயர் அது. ஸ்ரீதேவியின் மயில் அவனுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறாள்: அப்படி எவன் கூப்பிட்டாலும் கன்னத்தில் அறை, உன் பெயர் கோபாலகிருஷ்ணன். திருப்பிக் கேட்க ஆளில்லாத ஒருவனுக்குத் திருப்பிக் கேட்கச் சொல்லிக்கொடுத்த காட்சி அது. தியேட்டர்கள் கைதட்டின. இத்தனை ஆண்டு கழித்தும் அந்தப் பாத்திரத்தை நாம் சப்பாணி என்றேதான் சொல்கிறோம். கோபாலகிருஷ்ணன் என்று சொன்னால் பலருக்கு யாரென்றே தெரியாது.

1990-இல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’, குடியிருப்புப் பிள்ளைகளின் கேலியையும் ஒதுக்கலையும் முகத்துக்கு நேரே காட்டியது. 2006-இல் ‘வல்லவன்’ படத்துப் பாடல் ஒன்று ‘லூசு’ என்பதைக் காதலிக்குச் செல்லப்பெயராக்கி ஊர் முழுக்கப் பாடவைத்தது. 2011-இல் விக்ரம் நடித்த ‘தெய்வத்திருமகள்’ பார்த்து அழாதவர்கள் குறைவு. ஆனால் வளர்ந்த மனிதர் ஒருவரைக் குழந்தையாகவே பார்க்கும் பழக்கத்துக்கு அந்தப் படமும் உரம் போட்டது. 2019-இல் திரைக்கு வந்த ராமின் ‘பேரன்பு’தான் அந்தப் பழக்கத்தை உடைத்தது. மூளை முடக்குவாதத்தோடு வளரும் மகளின் உடலும் ஆசையும் வளர்கின்றன என்பதை ஓர் அப்பன் ஏற்றுக்கொள்ளப் படும் பாட்டை அது மழுப்பாமல் காட்டியது. நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. திக்குவாய், காது கேளாமை, ‘மெண்டல்’ மூன்றும் பல பத்தாண்டுகள் நம் காமெடி டிராக்கின் மூலதனமாக இருந்தவை.

2024 ஜூலை 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே ஒரு தீர்ப்பளித்தது. ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துகிறது என்று நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு படத்தைத் தடைசெய்யவில்லை. ஆனால் சினிமாவுக்கும் டி.வி.க்கும் நெறிமுறைகள் வகுத்தது. ஸ்பாஸ்டிக் போன்ற சொற்களைத் தவிர்க்கவேண்டும், குறைபாட்டைப் பற்றி மருத்துவ உண்மையைச் சரிபார்த்த பிறகே காட்டவேண்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கலக்காமல் அவர்களைப் பற்றிக் கதை பண்ணக்கூடாது என்றது. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடுள்ளவரை மட்டம்தட்டும் நகைச்சுவை வேறு என்று கோடு கிழித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த மேடை நகைச்சுவையாளர்கள் தங்கள் சேனல்களிலேயே மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

திருப்பிக் கேட்க முடியாது என்று இங்கே சொன்னதற்கு ஒரு திருத்தம் வேண்டும். முடியும், வாய்ப்பு கிடைத்தால். 2012 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் முடிந்ததும், ஆன் கோல்ட்டர் என்ற வலதுசாரி விமர்சகர் ஒபாமாவை ‘ரிட்டார்ட்’ என்று சமூக ஊடகத்தில் எழுதினார். அதற்கு ஜான் ஃபிராங்க்ளின் ஸ்டீபன்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், சிறப்பு ஒலிம்பிக் வீரர், அப்போது வயது 30. எதையும் புரிந்துகொள்ளத் தனக்குக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் தான் முட்டாளில்லை என்றார். அந்தச் சொல் யாரைப் பயன்படுத்தி ஒருவரைத் தாழ்த்துகிறது என்று நிதானமாக விளக்கினார். கடைசியில், இன்னும் உங்களுக்கு அறிமுகமாகாத நண்பன் என்று கையெழுத்திட்டு, தங்களோடு வந்து பழகிப்பார்க்கும்படி அழைத்தார். உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட அந்தக் கடிதத்தில் ஒரு வசைகூட இல்லை.

பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் ஸ்டீபன்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச ஆரம்பித்து முடிக்கும்வரை காத்திருக்கிறவர்கள்தான் குறைவு. ரேடியல் சாலை வழியாக ஓ.எம்.ஆர். போய், அங்கிருந்து ஈ.சி.ஆர். பிடித்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் நடக்கிறது. குழந்தைக்கு இரண்டு, மூன்று வயதில் சந்தேகம் வரும்போதே அங்கே போனால் பேச்சுப்பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் தொடங்கிவிடலாம். அந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்கு ஈடே இல்லை. ஆனால் “மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க” என்று தெரு பேசும் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு குழந்தையின் நல்ல ஆண்டுகள் போய்விடுகின்றன. இதைவிடப் பெரிய சேதத்தை எந்தக் கெட்டவார்த்தையும் செய்ய முடியாது.

ஏச்சுக்கு எதிராகப் பாராட்டைக் கொட்டுவதும் தீர்வில்லை. ‘தெய்வக் குழந்தை’, ‘கள்ளம் கபடமில்லாத ஜீவன்’ என்பவை கேட்க இனிமையானவை. தெய்வத்துக்குக் கோபம் வரக்கூடாது, காதல் வரக்கூடாது, சம்பளம் கேட்கக்கூடாது. அவர்களுக்கோ இவை எல்லாமே வரும், வேண்டும். மெழுகுவத்தி செய்கிறவருக்கும் பேப்பர் கவர் ஒட்டுகிறவருக்கும் வேலைக்கேற்ற கூலி கிடைக்கவேண்டும். கையில் ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்பிவிடுவது போதாது.

92-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பொதுமக்கள் பார்வை படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமதித்தாலோ மிரட்டினாலோ குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. நண்பனை லூசு என்பது இதில் வராது. வரவும் வேண்டியதில்லை. அதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளிடம் சொல்லித்தான் மாற்றமுடியும். வகுப்பில் மக்கு என்று ஆசிரியரே சொல்வதை இந்தக் கல்வியாண்டோடு நிறுத்தலாம். அதற்கு அரசாணை தேவையில்லை, தலைமையாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் போதும். செய்தி ஆசிரியர்கள் ‘மனநலம் குன்றிய’ என்ற மொட்டைத் தொடரைக் கைவிடலாம். கடைக்காரர், கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது இன்னும் எளிது. அவர் பெயர் என்ன என்று அவரிடமே கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள், வயதுக்குரிய மரியாதையோடு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தெருவிலோ ரயிலிலோ பஸ்ஸிலோ ஒருவரை இப்படிக் கேவலப்படுத்துவதைப் பார்த்தால் சும்மா நகர்ந்துபோகாதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் 92-ஆவது பிரிவைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். சாட்சிக்கு நீங்கள் போகலாம். அப்படிப் போகும்போது அவமானப்பட்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி, என்ன நடந்தது என்பதை முதலில் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.